இடது வகிடு

என் மாமனார் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், பள்ளிக்கூடக் குரூப் படம் என்று வந்ததையெல்லாம் எடுப்பவர்தான். அதோடு இன்னொரு வேலையையும் இருபத்திரண்டு வருஷம் பார்த்தார். ஆற்றில் பிணம் ஒதுங்கினால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவரைத் தேடித்தான் ஆள் வரும். யாரென்று தெரியாதவர்களின் முகத்தை அவர் படம் எடுத்துக் கொடுப்பார். அதைச் சுற்றுப்பட்ட ஊர்களில் ஸ்டேஷன் பலகைகளில் ஒட்டுவார்கள். யாராவது பார்த்து, ‘இது எங்க வீட்டு ஆள்’ என்று சொன்னால் உண்டு. சொல்லாமல் போனவர்களே அதிகம்.

வீட்டில் அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. ‘ஸ்டேஷன் வேலை’ என்பார், அத்தோடு சரி. போய்விட்டு வந்த நாளில் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்வாராம். யாரும் கேட்காவிட்டாலும் அது பாடிக்கொண்டே இருக்க வேண்டும். போலீஸ்காரர்கள் கையிலேயே கேமரா வந்த பிறகு அவரைக் கூப்பிடுவது நின்றது. ரேடியோ மட்டும் நிற்கவில்லை.

எனக்கு அவரிடம் ஒன்றுதான் விளங்காமல் இருந்தது. எங்கள் மகள் பிறந்த மூன்றாம் நாள், தூங்கிக்கொண்டிருந்தவளைப் படம் எடுக்க செல்போனைத் தூக்கினேன். என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“கண்ணு முழிக்கட்டும் மாப்பிள்ளை. அப்புறம் எடுங்க.”

குரல் உயரவில்லை. ஆனால் முகம் வெளுத்துப்போயிருந்தது. நாலு நிமிஷம் கழித்துக் குழந்தை முழித்ததும் அவரே எட்டுப் படம் எடுத்தார்.

ஆற்றங்கரையைச் சுற்றிப் பார்க்கப் போகலாம் என்ற யோசனை அத்தையுடையது. “எங்கெங்கேயோ இருந்து பஸ் பிடிச்சு வந்து பார்த்துட்டுப் போறான். நமக்குக் கூப்பிடு தூரம். முப்பத்தஞ்சு வருஷமா நான் பாலத்தை பஸ் ஜன்னல் வழியாப் பார்த்ததோட சரி” என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். மாமா மறுப்பார் என்று நினைத்தோம். “போலாம்” என்றுவிட்டார். அத்தையே ஆடிப்போய், “உடம்பு சரியில்லையா உங்களுக்கு?” என்று கேட்டார். மகளைப் பார்த்துக்கொள்ள என் மனைவி வீட்டில் தங்கிவிட்டாள். நான் லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

முதலில் இரும்புப் பாலம். வெயில் இன்னும் ஏறவில்லை. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தண்ணீர் பழுப்பாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க.”

“அஞ்சாவது தூண்கிட்ட சுழிக்கும்” என்றார் மாமா. அவர் பார்த்தது தண்ணீரை அல்ல, தூணுக்குக் கீழே இருந்த மணல் திட்டை.

அடுத்து பழைய நீரேற்று நிலையம். இப்போது அதைக் காட்சிக்கூடமாக்கியிருக்கிறார்கள். ஆள் உயரச் சக்கரங்களுக்கு எண்ணெய் பூசிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அத்தை ஒவ்வொரு பலகையையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். மாமா உள்ளே வரவில்லை. வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனதும் சொன்னார்: “இங்க தண்ணி இழுக்கிற வாய்ல ஒரு கம்பி வலை இருந்துச்சு. பச்சை ஸ்வெட்டர் போட்ட பொண்ணு. ஸ்வெட்டர் வீட்ல பின்னினது. கைமுட்டிகிட்ட ஒரு தையல் விட்டுப்போயிருந்துச்சு.”

“யாரும் வந்தாங்களா மாமா?”

“வரலை.”

படித்துறைக்குப் போனோம். இறங்கும்போது, “நாலாவது படி வழுக்கும், பார்த்து” என்று அத்தையின் கையைப் பிடித்தார்.

“இந்தப் பக்கமே வந்ததில்லைன்னு சொல்லுவீங்களே?”

“சுத்திப் பார்க்க வந்ததில்லை.”

அத்தை அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதையும் ரசிக்கவில்லை. கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வேறு குடும்பங்களும் துணி விரித்து உட்கார்ந்திருந்தன. ஓர் ஆள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு புல்லில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தான். மாமா அவனைப் பார்த்தபடியே இருந்தார். அவன் காலை ஆட்டிய பிறகுதான் அடுத்த வாய் எடுத்து வைத்தார்.

கடைசியாகப் போட். ஆற்றுக்கு நடுவே ஒரு சின்னத் தீவு இருக்கிறது. கொக்குகள் கூடு கட்டும் இடம். அரை மணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுவார்கள். டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மா இருந்தார். மூன்று டிக்கெட்டைக் கிழித்து நீட்டிய கை பாதியில் நின்றது.

“ஐயா, நீங்க ஸ்டுடியோக்காரர்தானே? முன்னாடி ஸ்டேஷனுக்குப் படம் எடுத்தவரு?”

மாமா தலையாட்டினார்.

அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரைக் கவுண்டரில் உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அழவோ கும்பிடவோ இல்லை. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கும் குரலில் பேசினார்.

“பதினெட்டு வருஷம் ஆச்சு. என் தம்பி. நாங்க அப்ப வேற ஊர்ல இருந்தோம். அவன் இங்க வேலைக்கு வந்த இடத்துல காணாமப் போயிட்டான். நாப்பது நாள் கழிச்சு ஒரு ஸ்டேஷன்ல நீங்க எடுத்த படத்தைப் பார்த்தேன். அதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாங்க. சட்டை அவனோடதுதான். ஆனா அந்தச் சட்டை கடையில நூறு பேர் வாங்கியிருப்பாங்க. மூக்கு அவன் மூக்கு மாதிரிதான் இருந்துச்சு. கையெழுத்துப் போடுங்கன்னாங்க, போட்டேன்.”

“ம்” என்றார் மாமா.

“ஒரே ஒரு சந்தேகம். என் தம்பி வலது பக்கம்தான் வகிடு எடுப்பான். சின்ன வயசுல நான்தான் அப்படிச் சீவிப் பழக்கினேன். படத்துல இருந்த ஆளுக்கு இடது பக்கம் வகிடு. படத்தைத் திருப்பி அச்சுப் போட்டுட்டாங்களோன்னு பார்த்தேன். இல்லை, சட்டைப் பை சரியா இடது பக்கம்தான் இருந்துச்சு. அன்னிலேர்ந்து அது வேற யாரோன்னு தோணிக்கிட்டே இருக்கு. வீட்ல சொன்னா பைத்தியம்பாங்க. அதான் இந்த வேலைக்கு வந்தேன். இங்க எல்லாரும் ஒரு தடவையாவது வருவாங்கல்ல? ஒருநாள் கவுண்டர்ல வந்து நின்னு டிக்கெட் கேட்டான்னா…”

போட் கிளம்பப் போவதாக ஆற்றுப் பக்கம் மணி அடித்தார்கள். நாங்கள் யாரும் நகரவில்லை.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: ஞாபகமில்லை என்று சொல்லிவிடலாம். பதினெட்டு வருஷத்துக்கு முந்திய ஒரு முகம். எந்த மனுஷனும் நம்புவான். அத்தையும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும், அவர் மாமாவின் முழங்கையை லேசாக இழுத்தார்.

“நீலச் சட்டை” என்றார் மாமா. “ரெண்டாவது பட்டனுக்கு மட்டும் வேற கலர்ல நூல்.”

அந்த அம்மாவின் உதடு அசைந்தது. “நான் தைச்சது.”

“அவர் வகிடு இல்லாமத்தான் வந்தாரும்மா. தண்ணியில இருந்து வந்தா முடியெல்லாம் முகத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். அப்படியே எடுத்தா பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது. ஈரத் துணியால முகத்தைத் துடைப்பேன். தலையைச் சீவிவிடுவேன். போலீஸ்காரங்க திட்டுவாங்க, நேரமாகுதுன்னு. ஆனாலும் செய்வேன். என் சீப்புதான்.” அவர் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். நரைத்த முடியில் இடது பக்கம் நேராக ஒரு கோடு. “எனக்கு இப்படித்தான் பழக்கம். கை தானா இப்படித்தான் போகும். இடது வகிடு நான் எடுத்தது.”

அந்த அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “துடைச்சீங்களா? நல்லாத் துடைச்சீங்களா?”

“காதுக்குள்ள இருந்த மண்ணு வரைக்கும் துடைச்சேன்.”

“சரிங்கய்யா” என்றார். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார், கை ஈரமாக இருந்ததுபோல. “போட் போயிரும். ஏறுங்க.”

ஏறினோம். போட்டில் மாமா ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரைக் குனிந்து பார்த்தபடியே வந்தார். கொக்குகள் இருந்தன, கூடுகள் இருந்தன, போட்காரர் ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். அத்தை காதில் ஒரு வார்த்தைகூட விழுந்திருக்காது. திரும்பி வந்தபோது கவுண்டரில் மாற்று ஆள்தான் இருந்தார். அக்காவுக்குத் தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

காரில் அத்தை மெல்ல ஆரம்பித்தார். “ஞாபகம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

“பாவம், அவளுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

“ஆமா.” பாலத்தைத் தாண்டிய பிறகு, “எத்தனை பேருக்குச் சீவிவிட்டிருக்கேன் தெரியுமா?” என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

மறுநாள் அவர் ஸ்டுடியோவுக்குப் போனார், ஆனால் கடையைத் திறக்கவில்லை. பின்னறையில் பெட்டி பெட்டியாக நெகட்டிவ் வைத்திருந்தார். ஸ்டேஷன் வேலையின் உறைகளை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று நாள் ஆனது. சாப்பாடு கொண்டுபோன நான் பார்த்தேன், ஒவ்வோர் உறையின் மேலும் அவருடைய குண்டு எழுத்தில் எழுதியிருந்தார்: ‘தலை வாரியது படம் எடுத்தவர்.’ சிலவற்றில் கூடவே, ‘சட்டைக் காலரைச் சரி செய்தேன்’, ‘வாயை மூடினேன்.’ பச்சை ஸ்வெட்டரின் உறையில் மட்டும் ‘எதையும் மாற்றவில்லை’ என்று இருந்தது.

“நல்லதுக்குத்தானே மாமா செஞ்சீங்க” என்றேன்.

“நான் இத்தனை நாளும் செத்தவங்களுக்குத்தான் பயந்துக்கிட்டிருந்தேன் மாப்பிள்ளை” என்றார். “அவங்க கண்ணை மூடிட்டாங்க. படத்தைப் பார்த்துட்டு, நம்ம ஆள் இல்லைன்னு திரும்பிப் போனாங்களே, அவங்களை நான் நினைச்சே பார்க்கலை.”

உறைகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இவ்வளவு பழைய கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று அவருக்கே தெரியவில்லை. ஓர் அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினார். மாமா குனிந்து, வருஷ வாரியாக அடுக்கி வைத்துவிட்டு வந்தார்.

அந்த அம்மா அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று போட்காரர் சொன்னார். அது நல்லதா கெட்டதா என்று மாமா கேட்டார். போட்காரருக்குக் கேள்வி புரியவில்லை. “நல்லா இருப்பாங்க ஐயா” என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

மாமா இப்போது மாதம் ஒருமுறை ஆற்றங்கரைக்குப் போகிறார். அத்தையும் கூடப் போகிறார். கவுண்டரில் டிக்கெட் எடுக்க வருகிற ஆண்களை, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களை, மாமா ஒவ்வொருவராகப் பார்க்கிறாராம். எதற்கு என்று அத்தை ஒருதரம் கேட்டாராம்.

“அந்தப் பட்டன் நூல் விஷயத்துல நான் தப்பாச் சொல்லியிருந்தா?” என்றாராம்.