மேருவில், சிலந்தி தின்னும் சிலந்திக்காக ஒரு சனிக்கிழமை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மேருவுக்குப் போய் வந்தேன். கிள்ளானுக்கு வடக்கே உள்ள தொழிற்பேட்டைப் பகுதி. சுற்றிப் பார்க்க யாரும் போகிற இடமில்லை. நான் போனதற்குக் காரணம் பொறாமை. இதுவரை இங்கே கோயில், சாப்பாடு, ரயில் நேரம் என்றுதான் எழுதியிருக்கிறேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து வந்து மூன்று வருடமாக பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறோம். என் கணவர் கார்த்திக்குக்குப் பெட்டாலிங் ஜெயாவில் வேலை. நான்கு மாதமாகச் சனிக்கிழமை ஆனால் கேமராவோடு மேருவுக்குக் கிளம்பிவிடுவார். அவரோடு வேலை பார்க்கும் தேவகி கிள்ளான்காரி. அவளுடைய மாமாவின் பழத்தோட்டத்தில், மற்றச் சிலந்திகளை வேட்டையாடித் தின்னும் ஒரு சிலந்தி இருக்கிறது. பார்க்கச் சருகுத் துணுக்கு போல இருப்பதால் அதற்கு ‘சம்பா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மலாயில் குப்பை என்று அர்த்தம். இரவுச் சாப்பாட்டின்போது கைப்பேசியில் அவளிடமிருந்து செய்தி வரும், “சம்பா வந்துச்சு” என்று. இவர் தட்டைப் பார்க்காமல் சிரிப்பார்.

எனக்கு வந்தது சந்தேகமில்லை. நான் செருப்பு மாட்டுவதற்குள் லிஃப்ட் பொத்தானை நாலு தடவை அமுக்குகிற மனிதர், ஒரு பூச்சிக்காக மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருகிறாராம். (சிலந்தி பூச்சி இல்லை என்று அதற்கும் ஒரு திருத்தம் கிடைத்தது.) அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த வாரம் நானும் வருகிறேன் என்றேன்.

காலை 7.20க்கு வீட்டிலிருந்து நடந்தோம். கே.எல். சென்ட்ரல் நிலையம் பன்னிரண்டு நிமிடம். 7.45க்குக் கொமுட்டர் ரயில், கிள்ளானில் இறங்கும்போது 8.50. அங்கிருந்து மேருவுக்குப் பதினோரு கிலோமீட்டர், செயலியில் கூப்பிட்ட காருக்குப் பதினாறு ரிங்கிட். ஓட்டுநர் ஒரு தமிழ் அங்கிள். “மேருல பேக்டரி தவிர என்னம்மா இருக்கு?” என்று கேட்டார். சிலந்தி பார்க்கப் போகிறோம் என்றேன். அதன்பிறகு இறங்கும்வரை அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தேவகி தோட்டத்து வாசலிலேயே நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். “வாங்கக்கா” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். ரம்புத்தான் மரங்களுக்கு நடுவே கருவிகள் வைக்கும் ஒரு கொட்டகை. அதன் முன்சுவரில் பெரிய வலை ஒன்று. இரண்டு பேரும் அதன் முன்னால் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார்கள். சம்பாவைப் பல முறை பார்த்திருந்தாலும் அது வேட்டையாடி முடிப்பதை ஒருநாளும் பார்த்ததில்லையாம். தேவகி பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினாள். எனக்குச் சர்க்கரை போடவா என்று கேட்டாள். அவரிடம் கேட்கவில்லை, சர்க்கரை இல்லாமலே கொடுத்தாள். வீட்டில் அவருக்கு இரண்டு கரண்டி போடுகிறேன்.

அதற்குமேல் அங்கே உட்காரப் பிடிக்காமல், கொட்டகையின் பக்கவாட்டு நிழலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

12.10 இருக்கும். என் தலைக்கு மேலே, கூரை மூலையில் இருந்த சின்ன வலையில் ஒரு சருகு நகர்ந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. வலையின் ஓரத்தில் நின்று முன்கால்களால் நூலைச் சுண்டியது. நிறுத்தியது. வேறு விதமாகச் சுண்டியது. நடுவிலிருந்த சிலந்தி, ஏதோ ஈ மாட்டிக்கொண்டு துடிக்கிறது என்று எண்ணியிருக்க வேண்டும், அதன் பக்கம் திரும்பியது. காற்று வந்து வலை ஆடும்போதெல்லாம் சருகு இரண்டு எட்டு முன்னே வைத்தது. காற்று நின்றால் அதுவும் நின்றது.

சம்பாதான் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம், வெறும் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவகி மெல்ல ஏதோ சொன்னாள், இவர் தலையாட்டினார். நான் கூப்பிடவில்லை. இருபத்தைந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். நடுவிலிருந்த சிலந்தி அருகில் வந்ததும் சம்பா பாய்ந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. நம்ப மாட்டீர்கள், எனக்கு அப்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒரு மணிக்குக் கிளம்பும்போது இவர், “போரடிச்சிருச்சா?” என்றார். இல்லை என்றேன். தேவகி கொட்டகைச் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னாள், “திங்கக்கிழமை லோரி வருதுக்கா. மாமா நிலத்த வித்துட்டாரு. கிடங்கு கட்டப் போறாங்க. நாலு மாசம் உட்கார்ந்தோம், நமக்குக் கொடுத்து வைக்கல லா.” எனக்கு அது அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா என்றும் சொல்லத் தெரியவில்லை.

கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு, ஆளுக்குப் பதின்மூன்று ரிங்கிட். நான் பாதியிலேயே இலையை மடித்துவிட்டேன். ரயில் ஷா ஆலம் தாண்டியதும் இவரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, “ஏன்?” என்று மட்டும் கேட்டார். லிஃப்ட் பொத்தானைச் சொன்னேன், காப்பியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சின்னத்தனமாக இருந்தது. “அவகிட்ட நீயே சொல்லிரு” என்றார்.

மறுநாள் ஞாயிறு, மூன்று பேரும் திரும்பவும் போனோம். எட்டரையிலிருந்து மூன்று மணி வரை இருந்தோம். சம்பா வரவில்லை. நான் அந்தக் கூரை மூலையைக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் தேவகியிடம் சொன்னேன். முன்கால் சுண்டியது, காற்றுக்காக நின்றது, பாய்ந்தது, கூப்பிடாமல் நான் உட்கார்ந்திருந்தது, எல்லாம். கடைசிவரை கேட்டாள். “நல்லாத்தான் பார்த்திருக்கீங்கக்கா” என்றாள். அன்றைக்கு அதற்குமேல் அவள் என்னிடம் பேசவில்லை.

மேருவில் இனி அந்தத் தோட்டம் இல்லை. இந்தச் சிலந்தி அம்பாங் பக்கத்துக் காட்டோரங்களிலும் உண்டு என்கிறார் இவர். போகிறவர்கள் கொசு மருந்து, முழுக்கைச் சட்டை, உட்கார ஏதாவது எடுத்துப் போங்கள். வலையைத் தொடாதீர்கள். சருகு நகர்வது கண்ணில் பட்டால், உடன் வந்தவரைக் கூப்பிடுங்கள். சத்தம் போட வேண்டாம், கையை அசைத்தால் போதும். அவர்கள் எனக்குப் பத்தடி தூரத்தில்தான் இருந்தார்கள்.