கால் வீக்கம் வடிந்த நாள்

இன்று திருவொற்றியூரில் பிசியோதெரபிக்குப் போனேன். ஐந்து நாளைக்கு முன் எண்ணூர் சாலையில் பைக் சறுக்கியதில் வலது கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை, ரத்தம் கட்டவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் டாக்டர் அனுப்பினார்.

எண்ணெய் போட்டு உருவுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன். அங்கிருந்த பிசியோதெரபிப் பெண்ணோ பூனைக்குட்டியைத் தடவுவதுபோல் தொடையிலிருந்து தொடங்கினாள்.

"இன்னாமா, அமுக்கவே மாட்டேன்ற?"

"புது அடியை அமுக்குனா இன்னும் வீங்கும்ணா. தேங்கினு கீற நீரை மெதுவா மேல தள்ளிவுடணும். வலிக்குதா?"

"ஒண்ணும் தெரியல."

"வண்டி யாரு ஓட்டிகினு வந்தது?"

"என் தோஸ்து சேசு."

"அவருக்கு இன்னா அடி?"

"அவன் அங்கயே போய்ட்டான்மா."

அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு அதே மாதிரி தடவ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தசைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரத்தில் கணுக்கால் எலும்பு லேசாகத் தெரிந்தது. "இனிமே மெதுவா நடக்கலாம்ணா" என்றாள்.

கால் ஊன்ற முடியவில்லை என்று சொல்லித்தான் சேசுவின் அடக்கத்துக்குப் போகவில்லை. இனி அந்தச் சாக்கும் இல்லை. நாளை ராயபுரத்தில் அவன் வீட்டுக்குப் போகவேண்டும்.

அவன் மனைவியிடம் முதலில் என்ன பேசுவது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.