கால் இறங்காத பேஸ் டிரம்

நாற்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு ஒரு டிரம் செட் வாங்கினேன். புதிதாகக் கற்பவர்களுக்கானது. முழங்கால்களுக்கு நடுவே ஸ்னேர், எதிரே இரண்டு டாம், வலப்பக்கம் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம். இடது காலுக்கு ஹை-ஹேட், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டு. வலது காலுக்கு, படுத்துக் கிடக்கும் பெரிய பேஸ் டிரம். பெடலை மிதித்தால் அதிலுள்ள சுத்தியல் போய் அடிக்கும். எனக்கு மற்றதெல்லாம் வந்தது. அந்த ஒரு பெடல்தான் வரவில்லை.

கை ஓடும்போதே காலும் மிதிக்க வேண்டும். பாழாய்ப்போன என் கால், இரண்டு கையும் விலகி நின்றால்தான் அசையும். பெங்களூர் பீன்யாவில், தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் பழகிய கால். கூட வேலை செய்த நண்பன் தகட்டை உள்ளே வைப்பான், கைகளை வெளியே எடுத்துக் குரல் கொடுப்பான், நான் மிதிப்பேன். ஒருநாள் அவன் குரல் கொடுக்கும் முன்பே மிதித்துவிட்டேன். அவனுக்கு இரண்டு விரல் போயிற்று. மெஷின் தானாக இறங்கிவிட்டது என்றார்கள் எல்லோரும். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

போன வருஷம் அவன் மகளுக்குக் கல்யாணம். "சர்ச்சுல பாட்டுக்கு நீதான்டா வாசிக்கணும்" என்றான். அவனிடம் நான் எந்த வாயால் முடியாது என்பேன்?

தொம்மலூர் வீட்டில் மூன்று வாரம் செத்துப் பிழைத்தேன். காலைத் திட்டினேன், குத்தினேன், தொடைமேல் அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன். மாடி வீட்டு அம்மா இறங்கி வந்து, "நில்ஸப்பா, சாமி" என்று நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். கால் மட்டும் இறங்கவில்லை. அவன் மகளின் கல்யாணத்தையும் கெடுக்கப்போகிறேன் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் சர்ச்சில் ஒத்திகை. பாட்டு தொடங்கியது, கால் நின்றது. மறுபடி தொடங்கினார்கள், மறுபடி நின்றது. பாடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் எழுந்து வந்து, விரல் போன அந்தக் கையை பேஸ் டிரம்மின் மேல் ஊன்றிக் குனிந்தான்.

"ஏன்டா மிதிக்க மாட்டேங்குற?"

"அன்னிக்கு மெஷின் மேல தப்பில்லடா. நான்தான் மிதிச்சேன்."

"தெரியும். நீ மிதிச்சத அப்பவே பார்த்தேன்" என்றான். "இப்ப மிதி."

"கைய எடுடா" என்று கெஞ்சினேன்.

அவன் எடுக்கவில்லை.