ஹில்டா கட்டிக்கொடுத்த பாட்டில்கள்

ஜோர்டான் நாட்டு அக்கபா துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில் என் பருப்பு வறுக்கும் கடையும் ஹில்டாவின் மதுக்கடையும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு இருபது வருஷமாக நிற்கின்றன. நான் குடிப்பதில்லை, ஐந்து வேளை தொழுகிறவன். ஆனால் குடிக்கிறவனுக்குக் கொறிக்க ஏதாவது வேண்டுமே. அவளிடம் பாட்டில் வாங்கியவன் அடுத்த அடியை என் கடையில்தான் வைப்பான். அதனால் அவள் வியாபாரத்தைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் திறப்பேன். அதனால் வந்த வினைதான் இது.

ஹில்டா மதாபா ஊர்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அப்பா போன பிறகு கடையை அவளே பார்த்துக்கொண்டாள். பெண் கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. வந்த எல்லோரும் முதல் நிபந்தனையாகக் கடையை விற்கச் சொன்னார்கள். அவள் கடையை வைத்துக்கொண்டாள், மாப்பிள்ளைகளை அனுப்பிவிட்டாள். இப்படியே நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது.

குளிர்காலம் வந்தால் சொகுசுக் கப்பல்கள் வரும். பயணிகள் காலையில் பெத்ரா இடிபாடுகளைப் பார்க்கப் போய் வெயிலில் வெந்துவிட்டு, கப்பல் கிளம்பும் முன் ஹில்டா கடைக்குள் ஓடி வருவார்கள். கப்பலுக்குள் ஒரு கோப்பை விற்கும் விலைக்கு இங்கே அரக் சாராயம் ஒரு முழுப் பாட்டிலே வாங்கலாம். ஆனால் வாங்கியதை அறைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். கப்பல் ஏணி ஏறியதும் ஒரு மேசை. அங்கே ஓர் ஆள் பாட்டிலைப் பிரித்துப் பார்த்து, அறை எண் எழுதிச் சீட்டுக் கட்டி, பூட்டி வைப்பான். பயணத்தின் கடைசி நாள்தான் கையில் கொடுப்பான். இதை ஹில்டா ஒளிக்காமல் சொல்லித்தான் விற்பாள். விற்றதை இரட்டைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் போட்டு இறுக்கிக் கட்டுவாள். அவள் முடிச்சை அவிழ்க்கப் பல் வேண்டும்.

அந்த முடிச்சைப் போட்ட ஆளைத் தேடிக்கொண்டுதான் வஹீப் முதல்முறை கடைக்கு வந்தான். அலெக்ஸாந்திரியாக்காரன், ஐம்பதைத் தொட்டவன், மனைவியை இழந்தவன். ஏணி மேசை ஆள் அவன்தான்.

"அம்மணி, நீங்க குடுக்கறது பாட்டிலா, மம்மியா? எங்க ஊர் மன்னருங்களைக்கூட இந்த இறுக்கு இறுக்கல" என்றான் வாசலில் நின்று.

"உங்க மன்னருங்க உடைஞ்சா யாரும் என்கிட்ட சண்டைக்கு வரமாட்டாங்க, எகிப்துக்காரரே. இது உடைஞ்சா வருவாங்க."

"அவிழ்க்கறதுக்குள்ள அங்க வரிசை வால் மாதிரி நீளுது."

"அப்ப இங்க வந்து அவிழ்க்கக் கத்துக்கிட்டுப் போங்க."

கற்றுக்கொள்ள அவனுக்கு மூன்று குளிர்காலம் பிடித்தது! இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமை, அவன் கப்பல் வரும். அவனுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. கடற்கரை இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. அவன் நேரே இங்கே வந்து முக்காலியில் உட்காருவான். அவள் புதினா போட்டுச் சர்க்கரை அள்ளிக் கொட்டிய தேநீர் கொடுப்பாள். என்ன பேசினார்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை. பாட்டில் விலை, அவன் மகளின் படிப்பு, அவள் முழங்கால் வலி. ஆனால் கப்பல் வரும் நாளில் ஹில்டா காதில் தோடு ஏறிவிடும். அவன் போனபின் அந்த முக்காலியில் வேறு யாரையும் உட்காரவிட மாட்டாள், என்னையும்தான்.

மூன்றாவது குளிர்காலத்தின் முடிவில் ஒருநாள் வஹீப் முதலில் என் கடைக்கு வந்தான். கால் கிலோ பிஸ்தா கேட்டுவிட்டு, வாங்காமல் நின்றான்.

"அபூ நாயிஃப் அண்ணே, உங்க ஊர்ல ஒரு பொண்ணைக் கேக்கணும்னா எப்படிக் கேப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பெரிய மனுஷங்களைக் கூட்டிக்கிட்டு வரணும்யா. உனக்கு இங்க யாரு இருக்கா? சரி, ஒண்ணு செய். தேத்தண்ணி வேணாம்னு சொல்லு. காபி கேளு. குடுத்ததும் வாயில வைக்காம கீழ வச்சிடு. எங்க பக்கம் அப்படி வச்சா மனசுல ஒரு கோரிக்கை இருக்குன்னு அர்த்தம். வீட்டுக்காரங்களே என்ன வேணும்னு கேட்டாகணும்."

"கேக்கலேன்னா?"

"கேக்காம இருக்கறதாவது! இல்லைன்னு சொல்றவங்கதான் காபியை எடுத்துக் கொட்டுவாங்க. அப்படி யாரும் செஞ்சு நான் பார்த்ததில்லே. போய்யா தைரியமா."

அவன் போனான். அதற்குள் ஒரு பேருந்து நிறையப் பயணிகள் வந்து என் கடையை மொய்த்துவிட்டார்கள். தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். ஹில்டா சின்னக் கிண்ணத்தில் சர்க்கரை போடாத, ஏலக்காய் மணக்கும் காபியை நீட்டினாள். அவன் வாங்கினான். குடிக்காமல் மேசைமேல் வைத்தான். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

அவளுக்கு அவன் எகிப்துக்காரன். நம் வழக்கம் அவனுக்குத் தெரியும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. மூன்று வருஷம் சர்க்கரைத் தேநீர் குடித்தவன், மரியாதைக்குக் காபி கேட்டுவிட்டுக் கசப்புத் தாங்காமல் வைத்துவிட்டான் என்று நினைத்தாள். "ஐயோ பாவம், கசக்குதா?" என்று கிண்ணத்தை எடுத்தாள். போய்த் தொட்டியில் கொட்டிவிட்டு, தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவள் திரும்பியபோது முக்காலி காலி. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதற்குள் அவன் துறைமுகக் கதவைத் தாண்டிவிட்டான். ஐந்து மணிக்குக் கப்பல் போய்விட்டது.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்றுவரை ஒரு மனசு சொல்கிறது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த சணல் உருண்டையை என்மேல் வீசினாள்.

"அறிவு கெட்ட மனுஷா! அவருக்குச் சொல்லிக்குடுக்கத் தெரிஞ்சுது, சுவத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேம்மா."

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது!"

பிறகு அந்த முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். இருபது வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கப்பல் வந்தது. மேசையில் வேறு ஆள். வஹீப் வேறு கப்பலுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டான் என்றார்கள். எந்தக் கப்பல் என்று யாருக்கும் தெரியவில்லை. தொலைபேசி எண்ணை அவர்கள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. புதன்கிழமை தவறாமல் வருகிறவனுக்கு எண் எதற்கு?

அன்றிலிருந்துதான் ஹில்டா எழுத ஆரம்பித்தாள். பாட்டிலைச் சுற்றும் தாளின் உள்பக்கம், சீட்டுக் கட்டுகிறவன் கண்ணில் படுகிற இடத்தில், கரியெழுத்தில்: "வஹீபுக்கு. கசக்கிறது என்று நினைத்துத்தான் கொட்டினேன். என்ன கேட்க வந்தீர்கள்? அக்கபா, ஹில்டா." எந்தக் கப்பல் பயணி வந்தாலும் சரி, ஒரு பாட்டில் வாங்கினாலும் சரி, ஆறு வாங்கினாலும் சரி. எல்லாக் கப்பலிலும் ஏணி உண்டு, ஏணியில் ஒரு மேசை உண்டு, தாளைப் பிரிக்க ஓர் ஆள் உண்டு. அரபு படிக்கத் தெரிந்த ஒருவனாவது இருக்கமாட்டானா என்பது அவள் கணக்கு.

அடுத்த குளிர்காலமும் எழுதினாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஹில்டா கடைச் சரக்கு கசக்குதாமே" என்று கிண்டல் செய்தார்கள். எனக்கே பொறுக்கவில்லை.

"போதும்மா. வயசான காலத்துல எதுக்கு ஊர் சிரிக்கணும்?"

"சிரிக்கட்டும்ண்ணே. நான் சும்மா இருந்தா, நான் வேணாம்னு சொன்னதாவே அவரு மனசுல இருக்கும். அது என்னால தாங்க முடியாது."

போன குளிர்காலக் கடைசியில், ஒரு புதன்கிழமை மதியம், கப்பல் சீருடையில் ஓர் ஆள் சந்துக்குள் வந்தான். முன்சிஃப் என்று பேர், துனீசியாக்காரன். வேறொரு கப்பலில் ஏணி மேசை வேலை. பிரித்த தாள்களில் ஒன்றைப் பத்திரப்படுத்தி, ஒரு கிரேக்கத் துறைமுகத்தில் வஹீபைப் பார்த்தபோது கொடுத்திருக்கிறான்.

ஹில்டா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "படிச்சாரா?"

"ரெண்டு தடவை படிச்சாருக்கா. மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

முன்சிஃப் தயங்கினான். என்னைப் பார்த்தான். நான் பருப்புக் கரண்டியோடு வாசலிலேயே நின்றேன். அங்கிருந்து நகர எனக்கு மனசில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டு வரச் சொன்னாரு. 'வாங்கறவங்க எல்லாருக்கும் அந்தம்மா இதை வேடிக்கையா எழுதிக் குடுக்குதா, இல்ல எனக்கு மட்டும் எழுதுதா?' இதான் கேட்டாரு."

மேசைமேல் பாதி சுற்றிய பாட்டில் ஒன்று கிடந்தது. ஹில்டா அதன் தாளை மெல்ல நீவிவிட்டாள்.

"எல்லா பாட்டில்லயும் எழுதறேன்னு சொல்லு" என்றாள்.

"சரிக்கா."

"அவருக்கு மட்டும்தான் எழுதறேன்னு சொல்லு."

முன்சிஃப் குழம்பிப்போனான். "ரெண்டுல எதைக்கா சொல்ல?"

"ரெண்டையும் சொல்லுப்பா" என்றாள் ஹில்டா.