சந்தனம் வைத்த துளைகள்

சுகிர்தா பார்க்கும் வேலை என்னவென்று அவள் அம்மா திலகாவுக்கு இன்றுவரை புரிந்ததில்லை. யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல அழிக்கிற வேல" என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்த வேலையை இதைவிடச் சரியாக யாராலும் விளக்கிவிட முடியாது.

உத்திரமேரூரைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் அவர்கள் வீடு. அப்பா டேனியல் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய்த்தான் மகளை மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்க வைத்தார். இப்போது அவள் வாலாஜாபாத்தில் பஸ் மாறி, ஒரகடத்தில் ஒரு மாடி அலுவலகத்துக்குப் போய் வருகிறாள். எங்கோ வெளிநாட்டில் வரைந்த எந்திரத்தின் படம் அங்கே ஃபைலாக வந்து இறங்கும். அது எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே விரிசல் விடும் என்று கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு முதலில் எந்திரத்தின் உடம்பு முழுவதையும் வலை மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். மெஷ் என்பார்கள்.

ஒரு மென்பொருளில் வரைந்தது இன்னொன்றுக்குள் வரும்போது சொன்னபடி வந்து சேர்வதில்லை. ஓரங்கள் ஒட்டாமல் பிளந்து கிடக்கும். ஒரே பரப்பு இரண்டு முறை வந்திருக்கும். பொடித் துளை ஒன்று இருந்தால் போதும், அதைச் சுற்றிக் கட்டங்கள் ஈசலாக மொய்த்து, கணக்கே திணறிப்போகும். பிளந்த ஓரத்தைத் தைப்பது, துளையை அடைப்பது, பாரம் சுமக்கும் வேலை இல்லாத உறுப்பையெல்லாம் படத்திலிருந்து தூக்கி எறிவது, இதெல்லாம் சுகிர்தாவின் பாடு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அவள் கை பட்ட ஃபைலில் ஒரு துளையோ கீறலோ மிஞ்சாது என்று அலுவலகத்தில் பெயர் எடுத்திருந்தாள். பெயர் எடுத்து என்ன செய்ய?

அவள் தம்பி சாம்சன் அந்தப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபேக்டரியில் பவர் பிரஸ் ஓட்டினான். தகட்டை வைத்துக் காலால் மிதித்தால், மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டிவிட்டு ஏறும். மாசி மாதத்தில் ஒருநாள் அச்சு இறங்கியபோது அவன் வலது கையும் உள்ளே இருந்தது. மூன்று விரல்கள் போயின.

பராக்குப் பார்த்தான், கையை விட்டான் என்று கம்பெனியில் சொன்னார்கள். சொன்னவர்களை விட்டுத் தள்ளுங்கள், அவனே அதை நம்பினான் என்பதுதான் சுகிர்தாவுக்கு ஆறவில்லை. சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டான். கிரிக்கெட் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் கத்திக்கொண்டு திரிந்தவன், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குப் போனான்.

சூப்பர்வைசர் வேதகிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். ரத்தம் சொட்டச் சொட்டச் சாம்சனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர் அவர்தான். காலனி ஆட்களைக் காலையில் அள்ளிக்கொண்டு போகும் கம்பெனி வேனுக்கும் அவர்தான் பொறுப்பு. வியாழக்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விபத்தை விசாரிக்க வருகிறார் என்று தொடங்கினார். பிரஸ்ஸுக்கு முன்னால் கை உள்ளே போகாமல் மறிக்கும் கம்பித் தடுப்பு உண்டு, கார்டு என்பார்கள். பேச்சு அதில் வந்து நின்றது.

"கார்டு மாட்டித்தான் இருந்துச்சி, அவசரத்துல நான் தான் சந்துல கைய வுட்டுட்டேன்னு சொல்லிடு தம்பி. கேட்டாண்ட வாச்மேன் வேல ஒனக்காகத்தான் வச்சிக்கினு கீறாங்க."

சாம்சன் தலையாட்டினான். டேனியல் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் சுகிர்தாவின் திரையில் வந்து நின்றது ஒரு பவர் பிரஸ். நூறு எந்திரம் வரும், அதில் இதுவும் ஒன்று. டீம் லீடர் கல்பனா வழக்கம்போல எட்டிப் பார்த்து, கார்டுக்குப் பாரம் சுமக்கும் வேலை இல்லை, எடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். சுகிர்தா கார்டைத் தொட்டாள், ஒரு பட்டனைத் தட்டினாள், போய்விட்டது. அது மாட்டியிருந்த இடத்தில் நான்கு போல்ட் துளைகள் மட்டும் சதுரமாக, வெறுமனே வாயைத் திறந்துகொண்டு நின்றன.

அந்தச் சதுரத்தை அவள் முன்பே எங்கோ பார்த்திருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் போனில் தேடி எடுத்தாள். போன ஆயுத பூஜைக்குச் சாம்சன் அவளுக்கு அனுப்பிய ஃபோட்டோ. எந்திரத்தின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மேலே சாமந்தி மாலை, பக்கத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு அவன். ஐந்து விரலும் எந்திரத்தின் மேல் பரப்பி வைத்திருந்தான். பூஜை போட்டவர்கள் கண்ட இடத்திலெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். முன்பக்கம் சதுரமாக நான்கு பொட்டுகள். பெரிதாக்கிப் பார்த்தாள். பொட்டுகள் வெறும் துளைகளை அடைத்துக்கொண்டிருந்தன. கார்டு இருந்திருந்தால் அந்தத் துளைகள் கண்ணில் பட்டிருக்கவே முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்கள், அதற்குப் பொட்டும் வைத்துப் படமும் எடுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியின் முன்னால் போனை நீட்டினாள். கார்டு எங்கே இருந்தது என்று கேட்டாள். சுவரோரம் சாத்தி வைத்திருக்கும், அதை மாட்டி ஓட்டினால் கேட்ட அளவு பீஸ் வராது, வெளி ஆள் பார்க்க வரும் அன்றைக்கு மட்டும் மாட்டுவோம் என்றான். கேட்டதற்கு மட்டும் பதில், குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை.

"அப்போ ஒன் மேல இன்னாடா தப்பு?" என்றாள். "இத இன்ஸ்பெக்டருகிட்ட காட்டு."

"கயட்டுனது நான் தான்க்கா. சேந்த மொத நாளு வேதகிரி அண்ணன் ஸ்பேனரக் குடுத்தாரு, கயட்டுனேன்."

அவள் விடவில்லை. கொடுத்தவனுக்குத்தான் பொறுப்பு என்றாள், கத்தினாள், அழுதாள். அவன் எதிர் வீட்டைக் காட்டினான். ஏஞ்சல் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க வூட்டுக்காரரு அந்த வேன்ல தான் போறாரு. இந்தத் தெருவுல பாதி பேரு அதுல தான் போறாங்க. நான் வாயத் தொறந்தா வேன் இந்தப் பக்கம் வராது. அப்பால எந்த மூஞ்சிய வச்சிக்கினு இங்க குந்திக்கினு இருப்பேன்?" போனை அவள் பக்கமே தள்ளி, "என் போன்ல அழிச்சிட்டேன். நீயும் அழிச்சிடு" என்றான்.

அழிக்கவில்லை. செவ்வாயும் புதனும் அந்தப் படத்தோடே அலைந்தாள். தம்பிக்குத் தெரியாமல் இன்ஸ்பெக்டரிடம் தானே கொண்டுபோய்க் காட்டிவிடலாமா என்று நினைத்தாள். நினைக்கும்போதெல்லாம் ஏஞ்சலின் முகம் வந்து நின்றது.

வியாழக்கிழமை காலை அவள் பஸ்ஸுக்கு நின்றபோது வேன் கடந்தது. முன்சீட்டில் வேதகிரிக்குப் பக்கத்தில் சாம்சன், இஸ்திரி போட்ட சட்டையில். அவளைப் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு நாலு பேரோடு உட்கார்ந்து வெளியே கிளம்பியிருக்கிறான் என்பது மட்டும்தான் அப்போது அவள் கண்ணில் பட்டது. பஸ்ஸில் ஏறியதும் ஃபோட்டோவை அழித்தாள். அழித்தது போனின் குப்பைக்கூடையில் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அங்கேயும் போய்த் துடைத்தாள். தொழில் பழக்கம்.

அலுவலகத்தில் நான்கு துளைகளையும் அடைத்தாள். பரப்பு மழமழவென்று ஆனது. மெஷ் முதல் தடவையிலேயே கோளாறில்லாமல் விழுந்தது. ரொம்ப சுத்தமா இருக்கு சுகிர்தா என்றாள் கல்பனா.

திங்கட்கிழமை சாம்சன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வாசல் காவலுக்குப் போனான். சாயங்காலம் திலகா பாயசம் வைத்தாள். அவன் இடது கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான். சுகிர்தா பக்கத்தில் போய், முதல் நாள் எப்படி என்று கேட்டாள்.

"இன்ஸ்பெக்டரு போன ஒடனே கார்ட கயட்டிட்டாங்களாம்க்கா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் மெசின்ல இப்போ ஏஞ்சலக்கா வூட்டுக்காரர நிக்க வச்சிக்கீறாங்க." டம்ளரைக் கீழே வைத்தான். "அந்த ஃபோட்டோ வச்சிருக்கியாக்கா?"

எதிர் வீட்டில் குழந்தை அழுதது. இல்லைடா என்று சுகிர்தா சொன்னாள்.