நட்டுக்கும் போல்ட்டுக்கும் நிழல்

காலை பத்து நாற்பதுக்கு நிழலண்ணனின் மகள் போன் செய்தாள். மெய்ப்புத் திருத்துகிறவள் அப்போது ஒரு காற்புள்ளியை அடித்துக்கொண்டிருந்தாள். "அத்தை, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே," என்றாள் மகள். இவள் அலுவலக அறையிலிருந்த மற்ற மூவரிடமும் சொன்னாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். நிழலண்ணன் என்ற பெயரை வைத்தவர் அவர்தான்.

அண்ணன் சன்னலோரம் நின்றால் அறை இருட்டிவிடும், அதனால் வந்த பெயர் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அவரும் மறுத்ததில்லை. உண்மைக் கதை வேறு.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு இவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தண்ணீர் பம்புகளின் உதிரிப் பாகங்களுக்கு எண்ணூற்று அறுபது பக்கத்தில் ஒரு விவரப் புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. பக்கம் வடிவமைப்பது அண்ணன். பிழை திருத்தி, கடைசியில் அச்சகத்துக்கு பிடிஎஃப் எடுத்துக் கொடுப்பது இவள். இவள் வருவதற்கு முன்பு இருபது நிமிஷத்தில் வந்துகொண்டிருந்த பிடிஎஃப் இப்போது மூன்று மணி நேரம் இழுத்தது. சில நாள் பாதியில் நின்று அப்படியே உறைந்துபோனது.

மேலாளர் மரியாதை கூட்டிப் பேசினால் கோபம் என்று அர்த்தம். அன்று மதியம் அவர் மிகுந்த மரியாதையோடு பேசினார்.

"நீங்க வந்து மூணு வாரம். இந்தக் கூத்தும் மூணு வாரம். அஞ்சு மணிக்குள்ள பிடிஎஃப் போகலைன்னா, நாளைக்கு நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம்."

மருமகளுக்கு வேலை கிடைத்ததைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்த மாமியாரின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அழுகை வருவதற்குள் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. கணினியிடம் அவர் எப்போதும் பணிவாகத்தான் பேசுவார். "ஐயா, கொஞ்சம் மனசு வைங்க," என்று தொடங்கினார்.

கோப்பு பொதுக் கணினியில் இருப்பதால் தாமதமோ என்று அதை இவள் கணினிக்கே நகலெடுத்தார். பலனில்லை. எழுத்துருக்களைச் சந்தேகித்தார். அவை நிரபராதிகள். பிறகு புத்தகத்தை இரண்டாக வெட்டினார். முதல் பாதி பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. இரண்டாம் பாதி அசையவில்லை. அதை மறுபடி இரண்டாக்கி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று போனதில், மணி நாலே கால் ஆனபோது ஒரே ஒரு பக்கம் மிஞ்சியது. அதில் ஒரே ஒரு வால்வு. அந்த ஒற்றைப் பக்கத்துக்கே பத்து விநாடி பிடித்தது.

வால்வின் கீழே மெல்லிய சாம்பல் நிழல் ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தார். கண் சிமிட்டுவதற்குள் பிடிஎஃப் வந்து நின்றது.

அந்த நிழல்களைப் போட்டவர் அண்ணனே. படங்கள் மொட்டையாக இருக்கின்றன என்று, ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து நட்டு, போல்ட், வாஷர் ஒன்றுவிடாமல் இரண்டாயிரம் படங்களுக்கு ஒளி ஊடுருவும் நிழல் போட்டிருந்தார். அச்சகம் கேட்ட பழைய வகை பிடிஎஃப்பில் ஒவ்வொரு நிழலையும் மென்பொருள் பின்னணியோடு சேர்த்துத் தட்டையாக்க வேண்டும்; அதற்குத்தான் அத்தனை நேரம். அந்த வேலையை அவர் ஆரம்பித்ததும் இவள் சேர்ந்ததும் ஒரே வாரம்.

எல்லா நிழலும், ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும்படி, ஒரே பாணி அமைப்பில் இருந்ததால் ஒரு சொடுக்கில் போய்விட்டன. சத்தமில்லாமல் முடித்திருக்கலாம். அவர் எழுந்து மேலாளர் மேஜைக்குப் போனார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லைங்க. அழகா இருக்கட்டும்னு நான்தான் எல்லாத்துக்கும் நிழல் போட்டேன்."

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். "நட்டு போல்ட்டுக்கு எதுக்குய்யா நிழல்? வெயில்லயா நிக்குது?"

முதலில் சிரித்தது அண்ணன்தான். வயிறு குலுங்கியதில் மேஜையிலிருந்த பேனா உருண்டு விழுந்தது. நாலு ஐம்பதுக்குக் கோப்பு அச்சகம் போய்ச் சேர்ந்தது. மேலாளர் இவளிடம் வந்து, "நாளைக்கு ஒம்பதரைக்கு வந்துடும்மா," என்றார். மரியாதை குறைந்திருந்ததில் இவளுக்கு உயிர் வந்தது.

மறுநாளிலிருந்து அவர் நிழலண்ணன் ஆனார். வீட்டில் அண்ணியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டதாகக் குறைபட்டுக்கொண்டார், முகமெல்லாம் சிரிப்பாக.

பெரிய புத்தகம், மெதுவாகத்தான் வரும் என்று அதுவரை எல்லோரும் விட்டுவைத்திருந்த பழைய கோப்புகளை அவர் அதன்பின் ஒவ்வொன்றாகத் திறந்தார். பாணி அமைப்புகளைக் கற்றுக்கொள்வதற்கு முன்பு அவர் நிழல் போட்டுச் செய்தவை அவை. ஒவ்வொரு நிழலையும் கையால்தான் எடுக்க வேண்டும். வேறு வேலையில்லாத மதியங்களில் எடுத்தார். இனி யார் பிடிஎஃப் எடுத்தாலும் யாரும் திட்டு வாங்கக் கூடாது என்பார்.

கடைசியாக எடுத்துக்கொண்டது குழந்தைகளுக்கான பட அகராதி. போன் வந்த அன்று மாலை இவள் அதைத் திறந்து பார்த்தாள். பம்பரம் வரை நிழல் இல்லை. பல்லியிலிருந்து இருக்கிறது.