கை காயும் வரை

முதுகில்தான் தொடங்கியது. மவுண்ட் ரோடு அச்சாபீஸில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்புக்கு மேலே கயிறு போட்டு யாரோ இறுக்குவது போல ஒரு வலி. நாற்காலியைத் திட்டினேன். யுத்தகாலத்து மட்டக் காகிதத்தைத் திட்டினேன், எழுத்து மங்கி மங்கித் தெரிந்ததால். லஸ் முனையில் டிராமைவிட்டு இறங்கி மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பல் கிட்டிக்கொண்டது.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிப் படுத்திருக்கலாம். ஆகவே ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். கடும் ஜுரத்துக்குப் பிறகு சூடு சட்டென்று இறங்கும். அப்பாடா என்று எழுந்து உட்காருவீர்கள். அந்த அப்பாடாவை நம்பாதீர்கள். நான் நம்பினேன். எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டேன். நாக்கில் மணல் ஒட்டியது போல இருந்தது. விரல் வைத்துப் பார்த்தால் மணல் இல்லை, பரு. சாயங்காலம் நெற்றியில், மணிக்கட்டில், உள்ளங்காலில். தோலுக்கு அடியில் பயறு புதைத்தது போல.

டாக்டர் வந்தார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுப் பார்த்தார்.

"போன மாசம் அம்மை குத்திக்கிட்டீங்களா, இல்லையா?"

"குத்திண்டோம். ஆத்துல எல்லாரும்."

"தழும்பு எங்கே?"

"எழும்பலை. மறுவாரம் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். எழும்பலைன்னா ஏற்கனவே உடம்புல சக்தி இருக்குன்னு அர்த்தம்னு சொல்லிட்டுப் போனார்."

டாக்டர் என் கையை விட்டுவிட்டார். "குத்தினப்புறம் என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்ணுவோம்? ஆத்துக்கு வந்து குளிச்சோம்."

அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தைக் கையால் வழித்துக்கொண்டார்.

எங்கள் தெருக்கோடியில் நடந்ததைச் சொன்னால்தான் அவர் முகத்தை வழித்துக்கொண்ட காரணம் விளங்கும். அம்மை குத்துகிறவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பிரிட் விளக்கு, ஊசி, கண்ணாடிக் குழாயில் அம்மைப்பால் (கன்றுக்குட்டியின் தோலில் கோத்த நீரை எடுத்துப் பக்குவம் செய்த தடுப்பு மருந்து). அதை மேற்கையில் துளி வைத்துக் கீறுவார். தெருவே வரிசையில் நின்றது. கீறிய கையோடு தெருவே வீடு திரும்பியது. பத்துப் பேரைத் தொட்ட ஊசி, கன்றின் ரணநீர், யார் யாரோ தொட்ட மேஜை. இதையெல்லாம் உடம்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீடுகளில் நிலைப்படி தாண்ட முடியாது. க்ஷவரம் செய்துகொண்டு வந்தால் குளிப்பது போல, சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிப்பது போல, அன்றும் கிணற்றடிக்குப் போனோம். யாரும் யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகப் போயிற்று. என் நாலு வயதுப் பெண் வசுவின் கையைப் பயத்தமாவு போட்டுத் தேய்த்தார்கள். அவள் எரிகிறதென்று அழுதாள். அழுதால் என்ன, சுத்தமாயிற்று.

அம்மைப்பால் தோலில் தானாகக் காய வேண்டும். காய்ந்தால்தான் உள்ளே பிடிக்கும். எங்கள் தெருவில் குத்திய மருந்தெல்லாம் கிணற்றடி வாழைக்குப் போயிற்று.

சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வராவிட்டால் அபராதம் என்று அதில் இருந்தது. எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று இருந்தது. எழுத்துப்பிழை பார்ப்பது என் பிழைப்பு, ஆகவே அதை இரண்டு தடவை படித்தேன். குளிக்காதே என்று ஒரு வரி அதில் இல்லை. ஐந்தெழுத்து. அச்சுக்கோக்க எவ்வளவு நேரமாகும்? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

டாக்டர் என் மனைவி ஜானகியைக் கதவுக்கு வெளியே நிறுத்திப் பேசினார்.

"இவருக்கு இனிமே குத்திப் பிரயோஜனமில்லை. குழந்தைக்குத்தான் அவசரம். இந்த வியாதிக்கு உறங்கு காலம் உண்டு (உள்ளே புகுந்தபின் வெளியே தெரியாமல் இருக்கும் நாட்கள், ஏறத்தாழ இரண்டு வாரம்). புகுந்திருந்தாலும் சீக்கிரம் குத்திட்டா மருந்து முந்திக்கும். நாலு நாள் போச்சுன்னா வியாதி முந்திக்கும். என் கையிலே பால் இல்லை, கார்ப்பரேஷன் ஆள்கிட்டதான் இருக்கு. உடனே போங்க."

"அம்பாள் ஆத்துல வந்திருக்கறச்சே குழந்தை மேல இரும்பு படலாமோ?" என்று ஒரு குரல் கேட்டது. என் அக்கா பட்டம்மாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயசிலேயே அம்மை வார்த்துப் பிழைத்தவள். முகமெல்லாம் அதன் குழிகள். ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வராது. அதனால் என் அறைக்குள் வரக்கூடியவள் அவள் ஒருத்திதான். வேப்பிலையால் வருடியவள், இளநீரைப் பஞ்சில் தோய்த்து உதட்டில் பிழிந்தவள், என் உடம்பு பாயில் ஒட்டிக்கொண்டபோது வாழையிலை விரித்து என்னைப் புரட்டியவள் எல்லாம் அவளே. என் அறையிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் குளித்து உடுத்திக்கொண்டுதான் மற்றவர்களைத் தொட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். என்னைப் பிழைக்கவைத்த அவளைத்தான் நான் படுத்தபடி சபித்துக்கொண்டிருந்தேன்.

சபிக்கவும் குரல் இல்லை. தொண்டைக்குள்ளும் கொப்புளம். மூடிய கதவுக்கு அப்பால் என் குழந்தை ஓடியாடும் சத்தம் கேட்கும். அந்தக் காலடி ஒவ்வொன்றும் எனக்கு ஒரு நாழிகை. வியாதியும் அவளும் ஓடுகிறார்கள், யார் முந்துவார்கள் என்று தெரியாமல் பாயில் கிடந்தேன்.

முதல் நாள் ஜானகி வார்டு ஆபீசுக்குப் போனாள். "உங்க தெரு முடிஞ்சுபோச்சு" என்றார்கள். முடிந்ததுதான், ஆனால் பிடிக்கவில்லை என்றாள். "முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதாம்மா" என்றார்கள்.

மறுநாள் போய், வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்று உண்மையைச் சொன்னாள். மேஜைகள் எல்லாம் ஒரு முழம் பின்னால் போயின. "இங்கே ஏம்மா வந்தே? வீட்டுக்குப் போ, நாங்க வரோம்." வரவும் செய்தார்கள். பினாயில் தெளித்தார்கள். சாக்கடையில் வெள்ளைப் பொடி தூவினார்கள். வாசல் சுவரில் தாரால் ஒரு குறி போட்டார்கள். பால் மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, "அது வேற டிபார்ட்மெண்டு" என்று பதில்.

அடுத்த நாள் அவள் யாரையும் கேட்கவில்லை. துவைத்த புடவை உடுத்தி, வசுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சாந்தோம் தாண்டிப் பட்டினப்பாக்கத்துக்கு நடந்தாள். அங்கே மீன்காரக் குடிசைகளுக்கு நடுவே குத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று பால்காரி சொன்னாளாம். அங்கே நடந்ததைப் பிற்பாடு ஜன்னலுக்கு வெளியே நின்று எனக்குச் சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

எங்கள் தெருவில் குத்திய அதே ஆள். தூரத்தில் நின்றே விஷயத்தைச் சொன்னாள்.

"அங்கியே நில்லும்மா, கிட்ட வராதே. உங்க தெருவா? நாந்தானே குத்தனேன். மூட்டையக் கட்டிக்கினு திரும்பிப் பாக்கறேன், தெருவே தலைய தொவட்டிக்கினு கீது!"

"பார்த்துட்டு சும்மாவா போனேள்? சொல்லப்படாதா?"

"சொன்னேன்மா. ஒரு பெரிய மனுசன், குளிக்காதேன்னு எங்களுக்குச் சொல்ல நீ யார்றான்னாரு. அத்தோட வாய மூடிக்கினேன். எனக்கு இன்னா? எத்தினி கை குத்தனேன்னுதான் ஆபீசுல கேக்கறான். எத்தினி எழும்புச்சுன்னு எவன் கேக்கறான்?"

"நான் கேக்கறேன்" என்றாளாம் ஜானகி.

மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மாள் சிரித்துவிட்டாள். "அய்யரூட்டம்மா குப்பத்துல வந்து கைய நீட்டுது பாரு! யோவ், கொயந்தைக்கு முதல்ல குத்தி அனுப்புய்யா. நாங்க எங்க ஓடியா போறோம்?"

வரிசை விலகியது. வசுவுக்கும் ஜானகிக்கும் குத்தினார். எட்டி நின்றபடியே, "தண்ணி படக்கூடாது, துணி படக்கூடாது, நெழல்ல தானா காயணும். இன்னிக்கு பூரா தண்ணியே காட்டாதே. மறுபடி தொடைச்சினு வந்தே, எங்கிட்ட பால் இல்ல" என்றார்.

அவர்கள் திரும்பி வந்தது எனக்குத் தெரியும். என் அறை ஜன்னல் தெருப்பக்கம். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. மறு கண்ணின் கீற்றில் வாசற்படி தெரிந்தது.

அக்கா குடத்தோடு நின்றாள்.

"குத்திண்டு வந்துட்டயோன்னோ? என்னைக் கேக்கலை. சரி, அம்பாள் பொறுத்துப்பா. ரெண்டு பேரும் கொல்லைப்பக்கமா போய் ஸ்நானம் பண்ணிட்டு உள்ள வாங்கோ."

"இன்னிக்கு ஸ்நானம் கிடையாது, அக்கா."

"அப்போ உள்ள வரப்படாது."

"வரலை."

ஜானகி படியில் உட்கார்ந்தாள். வசுவின் இடது கையைத் தன் முழங்கால்மேல் நீட்டி, ஈ உட்காராமல் விசிறியபடி உட்கார்ந்தாள். போகிறவர்கள் தார்க்குறியைப் பார்த்துவிட்டு எதிர்ச்சாரிக்குத் தாண்டினார்கள். வெயில் நகர நகர நிழலைத் தேடி அவளும் படியில் நகர்ந்தாள். நான் தம்ளரைச் சுவரில் தட்டினேன். அக்கா உள்ளே வந்தாள்.

"என்னடா?"

குழந்தை என்று உதட்டால் சொன்னேன். கையைக் கூப்பினேன். கொப்புளங்கள் ஒன்றோடொன்று உரசின.

அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். பிறகு தன்பாட்டுக்குப் பேசுவது போல, "நீ கிடக்கறயே இப்படி. உனக்குத் தீட்டு வந்தா என்ன பண்ணுவோம்? உன்னைக் கிணத்தடிக்கா தூக்கிண்டு போவோம்?" என்றாள்.

எங்கள் வீடுகளில் அதற்கு ஒரு வழி உண்டு. எழுந்து குளிக்க முடியாத நோயாளிக்குத் தீட்டு நேர்ந்தால் வேறொருவர் குளித்துவிட்டு வந்து அவரைத் தொடுவார். மறுபடி குளித்து மறுபடி தொடுவார். அப்படிப் பல முறை. படுத்திருப்பவர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே அவர் ஸ்நானம் ஆனவர் ஆகிவிடுவார்.

கிணற்றடியில் ராட்டினம் சத்தமிட்டது. அக்கா ஈரப் புடவையோடு வாசலுக்கு வந்தாள். விரலை நன்றாக உதறினாள். வசுவின் உச்சந்தலையில் ஒரு விரல் வைத்தாள். ஜானகியைத் தொட்டாள். திரும்பிப் போனாள். மறுபடி ராட்டினம்.

"அத்தை ஏம்மா இத்தனை தடவை குளிக்கறா?"

"உனக்கும் சேர்த்துக் குளிக்கறேண்டி" என்றாள் அக்கா, பல் நடுங்க. "கையை ஆட்டாதே. காயட்டும்."

பொழுது சாய்வதற்குள் இருவரையும் உள்ளே அழைத்துக்கொண்டாள். ஒருவரும் அவளுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. பிடிவாதத்தையும் அவள் விடவில்லை.

வசுவின் கையில் எழும்பியது. ஜன்னலண்டை கொண்டுவந்து காட்டினார்கள். சிவந்து, நீர் கோத்து, நடுவில் குழி விழுந்து. ஜுரமும் வந்தது. என் உடம்பில் ஆயிரம் முத்து. அவள் கையில் இருந்த சிலவற்றை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். ஒரே வியாதியின் சாயல்தான். என்னுடையதைப் பார்க்க எனக்கே அருவருப்பு, அவளுடையதைப் பார்த்தால் பசியாறியது. வேறெங்கும் அவளுக்கு வரவில்லை. ஜானகிக்கும் கையில் எழும்பியதோடு சரி. வியாதி தோற்றுப்போயிற்று.

எனக்குப் பொருக்கு (காய்ந்து உதிரும் மேல்தோல்) முழுக்க விழ வெகு நாளாயிற்று. தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று அக்கா வேப்பிலையும் மஞ்சளும் போட்ட நீரை வெயிலில் வைத்திருந்து ஊற்றினாள். புதுத் தோல். முதல் சொம்பிலேயே ஐயோ என்றேன். பிறந்ததிலிருந்து குளித்துவந்த உடம்பு தண்ணீரை இன்னதென்று அறியாமல் திணறியது. என் முகத்தை இப்போது விரலால்தான் அறிகிறேன். கண்ணாடியில் இருப்பவர் அக்காவின் ஜாடை.

அடுத்த வருஷம் அதே தெருக்கோடி, அதே மேஜை. புது நோட்டீஸ் ஒட்டினார்கள். படித்தேன். அந்த ஒரு வரி அதிலும் இல்லை. கார்ப்பரேஷனுக்கு எழுதிப்போட்டுப் பார்த்தாயிற்று, நேரில் போயும் பார்த்தாயிற்று. "அதெல்லாம் ஜனங்களுக்கே தெரியும், சார்." தெரியாததால்தானே என் முகம் இப்படி இருக்கிறது?

ஆகவே மேஜைக்கும் கிணற்றடிக்கும் நடுவே நானே நிற்கிறேன். "புரூப் பார்க்கறவர் தண்ணியையும் திருத்த வந்துட்டார்" என்று எதிர்வீட்டுக்காரர் கேலி செய்கிறார். செய்யட்டும். என் பேச்சை யாரும் கேட்பதில்லை. என் முகத்தைக் கேட்கிறார்கள். அப்படியும் மசியாதவர்கள் குழந்தைகளை எங்கள் வீட்டு நிழலில் உட்காரவைத்துவிட்டு, "பட்டக்கா, எங்காத்துக் குழந்தைக்கும் சேர்த்து ஒரு முழுக்குப் போட்டுடுங்கோ" என்கிறார்கள்.

முன்னெல்லாம் நான் எதற்கும் காத்திருந்தவனில்லை. டிராம் நிற்பதற்குள் இறங்குவேன். இப்போது சின்னச் சின்னக் கைகள் நீட்டியிருக்க, ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வசு இந்த வருஷமும் குத்திக்கொண்ட கையோடு என் மடியில் ஏறி, கன்னத்துக் குழி ஒன்றில் விரல் நுனியை வைத்துப் பார்க்கிறாள். அளவாகப் பொருந்துகிறது.

"அப்பா, இது காஞ்சுடுத்தா?"

கொல்லையில் ராட்டினம் சத்தமிடுகிறது. யாருக்காகவோ அக்கா குளிக்கிறாள்.

"காஞ்சுடுத்து. நீ கையை ஆட்டாதே."